காரணம் எழுதாத நான்கு வரிகள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

நிலத்தடி நீரைக் கணக்கிடும் அலுவலகம் அது. மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், எந்தக் கிணற்றில் எப்போது மட்டம் குறையும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு பெரிய கணினி நிரல் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மாடல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதன் தாய்ப் பிரதி வெகு தொலைவில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் இருந்தது. நூறு அலுவலகங்கள் அதைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மையத்தின் மாற்றங்களை அப்டேட் செய்துகொள்ளும். தங்கள் மண்ணுக்குத் தக்கபடி தாங்களாகவும் சில வரிகளைத் திருத்தி வைத்திருக்கும். யார், எந்த வரியை, எந்த நாளில், எந்த நிமிஷத்தில் மாற்றினார்கள் என்பதை எல்லாம் கணினி தானாகவே குறித்து வைத்துவிடும். ஒன்றை மட்டும் அதனால் குறிக்க முடியாது. ஏன் மாற்றினார்கள்? அதை மாற்றியவர்தான் இரண்டு வரி எழுத வேண்டும்.

அந்த இரண்டு வரியைப் படித்துப் பார்த்து, திருப்தியானால் உள்ளே விடுவதும், இல்லாவிட்டால் ‘ஏன்?’ என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்புவதும் அவள் வேலை.

“மேடம், ஒரே ஒரு கமாதான் மாத்தினேன். அதுக்குமா காரணம்?” என்பார் அளவைக்காரர். கிணறு கிணறாகப் போய்க் கயிறு விட்டு மட்டம் பார்ப்பவர் அவர். வாயைத் திறந்தால் நக்கல்தான்.

“ஒரு கமாவுல ஒரு கிணறு வத்திப்போகும். எழுதுங்க.”

“என் பெண்டாட்டிகூட இவ்வளவு கேட்கமாட்டா மேடம்.”

“அதனாலதான் நீங்க இப்படி இருக்கீங்க.”

இயக்குநரின் திருத்தத்தையே மூன்று முறை திருப்பி அனுப்பியவள். அப்படிப்பட்டவள் ஒரே ஒருவருடைய திருத்தத்தை மட்டும் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள். ‘சின்ன திருத்தம்’ என்று இருக்கும். ‘மறுபடியும் சின்ன திருத்தம்’ என்று இருக்கும். ஒருமுறை ‘இப்போ சரி’ என்று மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டாள்.

அவர் அவளுடைய அத்தான்.

அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டபோது அவளுக்குப் பதினோரு வயது. அக்காவுக்கு இருபத்தொன்று. அக்காவைப் பெண் கேட்டு வந்த மனிதரிடம், “என் தங்கச்சி என்கூடத்தான் இருப்பா. சம்மதம்னா மேல பேசுங்க” என்று அக்கா வாசற்படியிலேயே சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். “ஒருத்தியைக் கேட்டு வந்தேன், ரெண்டு பேர் கிடைக்கறீங்க. வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?” என்றார். அன்று முதல் அவளை ‘சின்னவளே’ என்றுதான் கூப்பிட்டார். அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் அவர் சாப்பிடமாட்டார். அப்படி வளர்த்தார்.

காலம் அவளை அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கே கொண்டுவந்து, அவர் எழுதுவதைச் சரிபார்க்கும் நாற்காலியிலும் உட்கார வைத்தது. முதல் வாரம் அவருடைய திருத்தம் வந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘சின்ன திருத்தம்’. அவள் விரல் திருப்பி அனுப்பும் பொத்தான் வரைக்கும் போனது. போன விரல் அங்கேயே நின்றது. சாயங்காலம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய மனிதரிடம், தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவரிடம், ‘ஏன்?’ என்று எப்படிக் கேட்பது?

கேட்கவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, “அத்தான், ஒரு வரியாவது எழுதக் கூடாதா?” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். “எனக்குத் தெரியும்ல. நான் எங்கே போயிடப் போறேன்?”

எங்கேயும் போகவில்லை. அதே வீட்டில், அதே பால்கனி நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் ஓய்வுபெற்ற மறுவருஷம் அவருக்குள்ளிருந்து நினைவுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போக ஆரம்பித்தன. சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். பக்கத்துத் தெருவிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டார். ஒரே பேப்பரை மூன்று முறை படித்தார், மூன்று முறையும் முதல் முறை போலவே வியந்தார்.

அக்கா மட்டும் அதை நோய் என்று சொல்ல விடமாட்டாள். “ஆம்பளைங்க எந்தக் காலத்துல சாவியை ஒழுங்கா வெச்சாங்க? வயசாகுது, மறதி வருது. இதுக்கெல்லாம் டாக்டர், ஸ்கேன்னு என் வீட்டுக்குள்ள பேச்சை எடுக்காதே” என்பாள்.

இந்த நேரத்தில்தான் மையத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

மாடல் முழுவதையும் புதிதாக எழுதுகிறார்கள். இனி அலுவலகத்துக்கு ஒரு பிரதி, ஊருக்கு ஒரு திருத்தம் என்று கிடையாது. எல்லோருக்கும் ஒரே பிரதி. உங்கள் சொந்தத் திருத்தங்களில் நியாயமானவற்றைக் காரணத்தோடு அனுப்பினால் தாய்ப் பிரதியில் சேர்த்துக்கொள்வோம். காரணம் இல்லாதவை நீக்கப்படும். மாதக் கடைசி வரைக்கும் அவகாசம்.

அவள் புதிய பிரதியைத் தரவிறக்கி, தங்கள் பிரதியோடு இணைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். மண்ணைப் பற்றிய கோப்புக்கு வந்ததும் கணினி நின்றுவிட்டது. ஒரே இடத்தை அவர்களும் மாற்றியிருக்கிறார்கள், நாமும் மாற்றியிருக்கிறோம். இரண்டில் எது வேண்டும் என்று அது கேட்டது. மேலே அத்தானின் நான்கு வரிகள். கீழே மையத்தின் நாற்பது வரிகள்.

அந்த நான்கு வரிகள் சொன்னது இவ்வளவுதான்: இருபத்து மூன்று நாட்களுக்கு மேல் மழை இல்லாமல் மண் காய்ந்து கிடந்தால், அடுத்து வரும் முதல் மழையில் பாதிதான் உள்ளே இறங்கும். அதற்கு அவர் எழுதிய காரணம்? நீங்களே ஊகித்திருப்பீர்கள். ‘சின்ன திருத்தம்.’

அந்த வரிகளை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தொரு கிணறுகளில் இருபத்தாறில் கணக்கு பிசகியது. இருபது நாள் என்று போட்டாள், இருபத்தைந்து என்று போட்டாள். இருபத்து மூன்றுதான் பொருந்தியது. எங்கேயோ, எப்போதோ, எதையோ பார்த்துத்தான் அந்த மனிதர் இதை எழுதியிருக்கிறார். எதைப் பார்த்து?

மையத்து ஒருங்கிணைப்பாளர் அம்மாளைத் தொலைபேசியில் பிடித்தாள். நல்ல பெண்மணிதான். ஆனால் அவளைப் போலவே கறாரானவள்.

“பொருந்துதுன்னா போதாதுங்க. அந்த முப்பத்தொரு கிணத்தை வெச்சுத்தானே அவரே அந்த எண்ணைப் பிடிச்சிருப்பார்? பொருந்தத்தான் செய்யும். ஏன் இருபத்து மூணு? அதைச் சொல்லுங்க, சேர்த்துடறேன். எழுதினவர் இருக்கார்ல?”

“இருக்கார்,” என்றாள்.

அவருடைய மற்ற திருத்தங்களெல்லாம் காலப்போக்கில் மாற்றி எழுதப்பட்டுவிட்டன. முப்பது வருஷ உழைப்பில் மிச்சம் இந்த நான்கு வரிகள்தான். இவை தாய்ப் பிரதியில் ஏறிவிட்டால் நூறு அலுவலகங்களிலும் அவர் பெயர் இருக்கும். ஏறாவிட்டால் ஒன்றுமே இருக்காது. அவருடைய குறிப்பு நோட்டுகள்? ஓய்வுபெற்ற அன்று அவரே மொத்தத்தையும் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் கொடுத்துவிட்டிருந்தார். ‘எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, அதுல ஒரு எழுத்துகூடத் தொலையாது’ என்று நம்பியவர். எழுதியது தொலையாதுதான். எழுதாததை அது எங்கே போய்த் தேடும்?

இப்போது தனி வீட்டில் இருந்தாலும், அலுவலகம் விட்டதும் தினமும் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் பால்கனியில் இருப்பார். அவளைப் பார்த்ததும் முகம் மலரும்.

“வா சின்னவளே. என் இருபத்து மூணு உள்ளே போயிடுச்சா?”

ஆச்சரியம் பாருங்கள், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாத மனிதருக்கு அது மட்டும் நினைவிருந்தது.

“இன்னும் இல்ல அத்தான். ஏன் இருபத்து மூணுன்னு கேட்கறாங்க.”

“கேட்கட்டும், கேட்கட்டும். நல்ல கேள்வி.” யோசிப்பார். நெற்றியைத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து அந்த இடம் சிவந்துபோகும். பிறகு குழந்தை போல விழிப்பார். “சொல்றேன். நாளைக்குச் சொல்றேன்.”

நான்காம் நாள் அக்கா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“போலீஸ் ஸ்டேஷனா இது? தினமும் வந்து அந்த மனுஷனைக் குடையறே. நீ போனப்புறம் அவர் சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை. ‘ஏன் ஏன்’னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டு நடக்கறார்.”

“அவருக்காகத்தான்க்கா கேட்கறேன்.”

“பதினோரு வருஷமா கேட்க வேண்டிய வேலையில உட்கார்ந்திருந்தியே, அப்போ வாய் எங்கே போச்சு? ஊர்ல எல்லாரையும் கேட்டே. இவரைக் கேட்டியா?”

அக்கா அதைக் கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் அது போய்க் குத்திய இடம் சரியான இடம். சின்னவள் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மரியாதை, பாசம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதெல்லாம் கடைசியில் பயம்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் ஒருநாள் வாடிவிடுமோ என்ற பயம். அந்த ஒருநாள் வாட்டத்தைத் தவிர்க்கப் போய், அவருடைய ஆயுள் உழைப்பையே வாட விட்டுவிட்டாள்.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதிசயம் நடந்தது.

அவள் கேட்கக்கூட இல்லை. அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் பழைய கம்பீரம்.

“களிமண், சின்னவளே! வடக்குக் கிணறுகளுக்கு அடியில கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு களிமண் அடுக்கு ஓடுது. ஈரம் இருக்கறவரைக்கும் தண்ணியை விடும். இருபத்து மூணு நாள் காஞ்சா இறுகிப்போய்ப் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி ஆயிடும். முதல் மழை மேலேயே வழிஞ்சு போயிடும். ரெண்டாவது மழைக்குத்தான் மூடி திறக்கும். நானே தோண்டிப் பார்த்தேன். எழுதிக்கோ!”

எழுதிக்கொண்டாள். கண்ணீர் மடிக்கணினியின் விசைப்பலகை மேல் சொட்டச் சொட்ட எழுதிக்கொண்டாள். வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பார்த்தியா? இந்த மனுஷனுக்கா மறதி? இனிமே யாராவது வியாதி கியாதின்னு சொல்லட்டும், இருக்கு!”

திங்கட்கிழமை காலையிலேயே ஒருங்கிணைப்பாளரிடம் படித்துக் காட்டினாள். “அழகான காரணம். இதுதானே வேணும்? அனுப்புங்க, இன்னிக்கே சேர்த்துடறேன்” என்றாள் அந்த அம்மாள்.

அனுப்புவதற்கு முன்னால், பழக்கதோஷம், ஒரு வார்த்தை அளவைக்காரரிடம் கேட்டாள்.

“களிமண்ணா? வடக்குக் கிணறுகள்லயா?” அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “மேடம், பதினெட்டு வருஷமா அங்கே கயிறு விடறேன். நாற்பது மீட்டருக்குக் கீழே வரைக்கும் மணல். வெறும் மணல். என் செருப்பைக் கேளுங்க, அதுவே சொல்லும்.”

துளையிட்ட காலத்து மண் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு தாள். மணல். மணல். சரளை. மணல். களிமண் என்ற சொல்லே இல்லை. கடைசியில் அலுவலக நூலகத்து அலமாரியில் தூசி படிந்து கிடந்த அவருடைய பழைய ஆராய்ச்சிப் படிப்பு ஆய்வேட்டில் அது கிடைத்தது. கட்டைவிரல் தடிமனில் களிமண் அடுக்கு. இருபத்தைந்து வயதில், வேறொரு ஊரில், வேறொரு ஆற்றங்கரையில் அவர் தோண்டிப் பார்த்தது. பாவம், பொய் சொல்லவில்லை அவர். கையில் அகப்பட்ட நினைவை எடுத்துக் கேள்வியின் மேல் வைத்துவிட்டார்.

அளவைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முறை நக்கல் இல்லை.

“அனுப்பிடுங்க மேடம். யாரு வந்து தோண்டிப் பார்க்கப் போறாங்க? பெரிய மனுஷன். அவர் பேர் இருந்துட்டுப் போகட்டும்.”

யாரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். கதவு திறந்திருந்தது, உள்ளே போக ஒரு விரல் அசைத்தால் போதும். நாள் முழுக்க அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் முன் அக்காவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னாள்.

“களிமண் இருந்தா என்ன, மணல் இருந்தா என்னடி? அவர் சொன்னார்ல? நீ எழுது” என்றாள் அக்கா.

“நூறு ஆபீஸ்ல தரவிறக்குவாங்கக்கா. காரணத்தைப் படிச்சுட்டு, ‘ஓ, களிமண் இருந்தா இப்படி’ன்னு நம்பி அவங்க ஊர்க் கிணத்துக்குக் கணக்குப் போடுவாங்க. தண்ணி வரும்னு சொல்லி வராமப் போனா…”

“எங்கேயோ இருக்கற கிணறு உனக்குப் பெருசா? உன்னைத் தூக்கி வளர்த்த மனுஷன் பெருசா?”

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, எல்லோரும் வருவதற்கு முன்பே அலுவலகம் வந்தாள். கணினி இன்னும் அதே கேள்வியோடு நின்றிருந்தது. அவள் கீழே இருந்த நாற்பது வரிகளைத் தேர்ந்தெடுத்தாள். மேலே இருந்த நான்கு வரிகள் திரையிலிருந்து மறைந்தன. காரணம் எழுத வேண்டிய கட்டம் திறந்தது. தன் வாழ்நாளிலேயே மிக நீளமான காரணத்தை அன்றுதான் எழுதினாள்.

‘நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையைப் பற்றிய நான்கு வரிகள் நீக்கப்படுகின்றன. இவை எங்கள் முப்பத்தொரு கிணறுகளில் இருபத்தாறுக்குப் பொருந்துகின்றன. ஏன் பொருந்துகின்றன என்று தெரியவில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. பதினோரு வருஷம் அவர் எதிரிலேயே இருந்தார். நான் கேட்கவில்லை. இப்போது அவரால் சொல்ல முடியவில்லை.’

அனுப்பினாள். மத்தியானம் மையத்திலிருந்து பதில் வந்தது. ‘கிடைத்தது. இணைத்தாகிவிட்டது. நன்றி.’ அவ்வளவுதான். முப்பது வருஷத்தை மூடி வைக்க மூன்றே வாக்கியங்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்த அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழி மட்டும் விட்டாள். சின்னவள் நேரே பால்கனிக்குப் போனாள். பொய் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று படியேறும்போது நினைத்திருந்தாள். ‘உள்ளே போயிடுச்சு அத்தான்’ என்று ஒரு வார்த்தை, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வா சின்னவளே, என் இருபத்து மூணு…” என்று ஆரம்பித்தபோது அந்தப் பொய் வாயில் வரவில்லை.

“எடுத்துட்டேன் அத்தான். அந்த நாலு வரியையும் நானே எடுத்துட்டேன். இப்போ அது எங்கேயும் இல்ல.”

சொல்லிவிட்டு, அடி விழக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றாள். கத்துவார், கையை உதறுவார், ‘உன்னையா வளர்த்தேன்’ என்பார். எதையும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“எடுத்தப்புறம் கம்பைல் ஆகுதா?”

வரிகளை எடுத்த பின்னும் நிரல் தடங்கலில்லாமல் இயங்கத் தயாராகிறதா என்று கேட்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனிடம் கேட்பது போல.

“ஆகுது அத்தான்.”

“அப்போ விடு,” என்றார். மறுபடி தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார்கள். அதை வெகு அக்கறையாகப் பார்த்தார்.

அவள் சமையலறைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

“சொல்லிட்டியா?” முதுகுதான் கேட்டது.

“சொல்லிட்டேன்.”

“சண்டை போட்டாரா?”

“இல்லக்கா. கம்பைல் ஆகுதான்னு கேட்டார். ஆகுதுன்னேன். அப்போ விடுன்னுட்டார்.”

அக்கா திரும்பினாள். கோபம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

“விடுன்னாரா? அவரா?” குரல் உடைந்தது. “நீ காலேஜ்ல இருந்தப்போ ஒரு டைரக்டர் இவர் எழுதின ஒரே ஒரு வரியை எடுத்துட்டான்னு ரெண்டு மாசம் அவன்கூடப் பேசாத மனுஷன்டி. அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகல. வரி திரும்ப வந்தப்புறம்தான் சிரிச்சார். அந்த மனுஷனா விடுன்னார்?”

சின்னவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்தது பாதியிலேயே அடங்கியது. மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தங்கையின் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அப்பா போனபோது தங்கைக்காகக் கல்லாக நின்ற அக்கா, முப்பத்து மூன்று வருஷம் கழித்து அன்றுதான் அவள் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

பால்கனியில் அத்தான் இன்னும் அந்தச் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “நீ சொன்ன அந்த ஸ்கேன் எடுக்கற டாக்டர்… காலையில எத்தனை மணிக்கு வருவார்?”

“ஒன்பது மணிக்குக்கா.”

“நீ லீவு போடு. எனக்குத் தனியா அவரைக் கூட்டிட்டுப் போகத் தைரியம் இல்ல.”